சின்னதுக்கு ஏன் வழியில்லை?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டபோது, "சயின்ஸ் பேசுங்க, ஆனா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடுங்க" என்றார். இரண்டையும் மனதில் வைத்து ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்து வந்திருக்கிறேன். கேள்வி சின்னது. ஆனால் அதற்கு விடை கிடைக்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த விடைக்கு இதே சென்னையில் நடந்த ஒரு வேலையோடு உறவு உண்டு. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பொட்டாசியத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இளநீரில் இருக்கிறது, வாழைப்பழத்தில் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடம் டாக்டர், "இளநீர் பக்கமே போகாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்வார். ஏன்? நம் ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான் இருக்கலாம். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் இதயத்தின் தாளம் கெட்டுவிடும். ஆனால் செல்லுக்கு உள்ளே போய்ப் பார்த்தால் அதே பொட்டாசியம் சுமார் 140 மில்லிமோல்! சோடியம் இதற்கு நேர் எதிர். வெளியே நிறைய, உள்ளே கொஞ்சம். இந்த ஏற்றத்தாழ்வுதான் நம் உடம்பின் மின்சாரம். நரம்பில் ஒரு செய்தி ஓடும்போது முதலில் சோடியம் உள்ளே பாய்கிறது. அடுத்து பொட்டாசியம் வெளியே போய் நிலைமையைப் பழையபடி ஆக்குகிறது. இதயம் ஒவ்வொரு முறை துடித்து ஓய்வதும் இப்படித்தான்.

இந்த அயனிகள் செல்லின் சவ்வைத் தாங்களாகக் கடக்க முடியாது. சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னூட்டம் உள்ள எதையும் விடாது. ஆகவே இவை போய் வரச் சவ்வில் வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாசலும் ஒரு புரதம். பொட்டாசியத்துக்கென்று உள்ள வாசலைப் பொட்டாசியம் சேனல் என்கிறோம். தமிழில் 'அயனித் தடம்' என்று எழுதுவோரும் உண்டு. நான் சேனல் என்றே சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

இப்போது கேள்விக்கு வருவோம். பொட்டாசியம் அயனியின் ஆரம் 1.33 ஆங்ஸ்ட்ராம். சோடியம் அயனியின் ஆரம் 0.95 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம், இரண்டும் உருண்டை, சோடியம் சின்னது. ஆனால் பொட்டாசியம் சேனல் பெரியதை விடுகிறது, சின்னதை விடுவதில்லை. ஆயிரக்கணக்கான பொட்டாசியம் போகும் நேரத்தில் ஒரு சோடியம் போனாலே அதிசயம்.

இதை எந்த வகுப்பில் சொன்னாலும் ஒருவராவது எழுந்து, "சார், சின்னது ஏன் போக மாட்டேங்குது?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. நம் வீட்டுச் சல்லடையில் மாவு கீழே விழும், தவிடு மேலே நிற்கும். மாவு மேலே நின்று தவிடு கீழே விழுகிற சல்லடையை யாராவது பார்த்ததுண்டா?

கேள்விக்கு இன்னொரு பாதியும் உண்டு. ஒவ்வொருவரையும் நிறுத்திச் சோதித்து அனுப்பும் இடத்தில் கூட்டம் தேங்கத்தான் செய்யும். கண்டிப்பு கூடினால் வேகம் குறையும். இது நாம் தினம் பார்ப்பது. ஆனால் ஒரே ஒரு பொட்டாசியம் சேனல் வழியாக ஒரு விநாடியில் 1 கோடி முதல் 10 கோடி அயனிகள் வரை போகமுடியும். அந்த வேகத்திலும் ஆள் மாறாட்டம் நடப்பதில்லை. இவ்வளவு கண்டிப்பும் இவ்வளவு வேகமும் ஒரே இடத்தில் எப்படி? இதுதான் இன்றைய கேள்வி.

கதை 1952-ல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் பிளிமத் கடலோர ஆய்வகத்தில், ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாய் இனத்தைச் சேர்ந்த ஒரு கடல் உயிரியின் தடித்த நரம்பிழையை வைத்துச் சோதனை செய்தார்கள். சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் தனித்தனி வழி உண்டு என்பதை மின் அளவீடுகளை வைத்தும் கணக்குப் போட்டும் காட்டினார்கள். அந்த வழி எதனால் ஆனது, எப்படி இருக்கும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அந்த வேலைக்காக 1963-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1955-ல் ஹாட்ஜ்கினும் ரிச்சர்ட் கீன்ஸும் இன்னொன்றைக் கவனித்தார்கள். பொட்டாசியம் அயனிகள் தனித்தனியாகப் போவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, ஒற்றை வரிசையில், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போகின்றன. இதை விளக்க அவர்கள் செய்த காரியம் ரசிக்கத்தக்கது. இரண்டு அறைகள் உள்ள ஒரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே குறுகிய வழி. உள்ளே சிறு உருண்டைகள். பெட்டியைக் குலுக்கி, எந்தப் பக்கமிருந்து எத்தனை உருண்டை போகிறது என்று எண்ணினார்கள். நம் ஊர்க் கோயில்களில் தர்ம தரிசனத்துக்குக் கம்பி கட்டி ஒற்றை வரிசையில் விடுவார்களே, அதுதான். அங்கே நாம் நடக்கிறோமா என்ன? பின்னால் இருப்பவர் தள்ளுகிறார், நாம் சன்னிதிக்குப் போய்விடுகிறோம்! இந்தத் தள்ளல் பிறகு முக்கியமாக வரும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தேர்வு எப்படி நடக்கிறது? இதைப் புரிந்துகொள்ளத் தண்ணீரைப் பற்றி யோசிக்கவேண்டும். தண்ணீரில் எந்த அயனியும் தனியாக இருப்பதில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்ஸிஜன் பக்கத்தை உள்நோக்கித் திருப்பிக்கொண்டு அயனியைச் சூழ்ந்து நிற்கும். பொட்டாசியத்துக்கு இது ஒரு கம்பளிப் போர்வை மாதிரி. சோடியத்துக்கும் போர்வை உண்டு. ஆனால் அது சின்னது என்பதால் தண்ணீர் இன்னும் நெருங்கி வந்து ஒட்டுகிறது. போர்வை இன்னும் இறுக்கம். குறுகிய வாசலில் நுழைய வேண்டுமானால் போர்வையைக் கழற்றியாக வேண்டும். கழற்றுவதற்கு ஆற்றல் செலவாகும். அந்தச் செலவை உள்ளே யாராவது ஈடுகட்ட வேண்டும்.

மார்கழிக் காலையில் ஊட்டியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்வையைக் கழற்றச் சொன்னால் கழற்றுவீர்களா? அறைக்குள் சுற்றிலும் கணப்பு எரிந்தால், சரியான தூரத்தில் எரிந்தால், கழற்றுவீர்கள். இல்லாவிட்டால் வாசலிலேயே நின்றுவிடுவீர்கள். 1972-ல் பிரான்சிஸ்கோ பெசானில்லா, கிளே ஆம்ஸ்ட்ராங் இருவரும் ஏறக்குறைய இதைத்தான் முன்மொழிந்தார்கள். சேனலின் உள்சுவரில் ஆக்ஸிஜன் அணுக்கள் சரியாகப் பொட்டாசியத்தின் அளவுக்கு விலகி நிற்கின்றன. பொட்டாசியத்துக்கு அது தண்ணீருக்கு ஈடு. சின்னதான சோடியத்துக்கு அந்த ஆக்ஸிஜன்கள் எட்டாத தூரம். ஆகவே அது தண்ணீரை விட்டு வர மறுக்கிறது. பெர்ட்டில் ஹில்லே என்பவரும் அதே காலத்தில் பல அயனிகளை அனுப்பிப் பார்த்து, சேனலின் ஒரு குறுகிய பகுதிதான் 'தேர்வு வடிகட்டி' என்று கணக்கிட்டிருந்தார்.

அருமையான யூகம். ஆனால் யூகம்தான். கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை.

அடுத்த அடி ஒரு பழ ஈயிலிருந்து வந்தது. ஈதர் கொடுத்து மயக்கினால் ஒருவகைப் பழ ஈ கால்களை உதறிக்கொண்டே இருக்கும். அதற்கு ஷேக்கர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கோளாறுக்குக் காரணமான மரபணு 1987-ல் பிரித்தெடுக்கப்பட்டது. அது ஒரு பொட்டாசியம் சேனலின் மரபணு என்று தெரிந்தது. அதோடு புரதத்தின் அமினோ அமில வரிசையும் கைக்கு வந்தது. பிறகு தேளின் நஞ்சு உதவிக்கு வந்தது. தேள் நஞ்சில் உள்ள ஒரு சிறு புரதம் பொட்டாசியம் சேனலின் வாயை அடைத்துவிடும். எந்த அமினோ அமிலத்தை மாற்றினால் நஞ்சு ஒட்டாமல் போகிறது என்று பார்த்தால், வாய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். இப்படித் தேடியவர்களில் ஒருவர் ராடரிக் மெக்கின்னன். டாக்டருக்குப் படித்து, மருத்துவமனையில் பயிற்சியும் முடித்துவிட்டு, முப்பது வயதை ஒட்டி மீண்டும் ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தவர்.

எல்லாப் பொட்டாசியம் சேனல்களிலும் ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு ஏறக்குறைய மாறாமல் இருப்பது தெரியவந்தது. த்ரியோனின், வாலின், கிளைசின், டைரோசின், கிளைசின். மண்ணில் வாழும் பாக்டீரியாவிலும் அதே, ஈயிலும் அதே, உங்கள் இதயத்திலும் அதே. கையெழுத்துப் போட்டது மாதிரி. ஆனால் கையெழுத்தைப் படித்தால் ஆளின் முகம் தெரியுமா? தெரியாது. ஒவ்வொரு அணுவும் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குப் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிரில் காட்ட வேண்டும். சவ்வில் கிடக்கும் புரதங்களைப் படிகமாக்குவது மிகமிகக் கடினம் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

மெக்கின்னனுக்கு அப்போது படிகவியல் தெரியாது. ஹார்வர்டில் நல்ல வேலை. அதை விட்டுவிட்டு 1996-ல், நாற்பதாவது வயதில், நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்குப் போய் இந்தக் கலையைப் படித்துக்கொண்டே வேலையைத் தொடங்கினார். உடன் வந்தவர்கள் மிகச் சிலர். வேதியியல் படித்த அவர் மனைவி ஆலிசும் ஆய்வகத்தில் கைகொடுத்தார். ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸ் என்ற மண் பாக்டீரியாவின் சேனலை எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் கே.சி.எஸ்.ஏ. என்று பெயர். 1998 ஏப்ரலில் 'சயின்ஸ்' இதழில் படம் வெளிவந்தது. 2001-ல் அதைவிடத் துல்லியமான படம், 2 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு. 2003-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு, தண்ணீருக்கான சேனலைக் கண்டறிந்த பீட்டர் ஏக்ரேவுடன் பகிர்ந்து.

அந்தப் படத்தில் என்ன இருந்தது? இனிமேல் சொல்வதை மட்டும் மாணவர்கள் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும்.

நான்கு ஒரேமாதிரியான புரதத் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்து நிற்கின்றன. நடுவில் துளை. துளையின் மொத்த நீளம் 45 ஆங்ஸ்ட்ராம். செல்லின் உட்புறத்திலிருந்து போனால் முதலில் ஒரு நடை; பிறகு சவ்வின் நட்டநடுவில் சுமார் 10 ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள ஒரு கூடம், நிறையத் தண்ணீரோடு. சவ்வின் நடுப்பகுதிதான் அயனிக்கு மிகவும் ஒவ்வாத இடம். சரியாக அங்கேயே தண்ணீர்க் கூடம் கட்டி வைத்திருக்கிறது இயற்கை! போதாததற்கு, நான்கு சிறு சுருள்கள் தங்கள் எதிர்மின் முனையை அந்தக் கூடத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. அயனியை அழைத்து உட்கார வைப்பது போல.

கூடத்துக்கு மேலே, வெளிப்புறத்தை ஒட்டி, 12 ஆங்ஸ்ட்ராம் நீளத்துக்குக் குறுகிய வழி. அதுதான் தேர்வு வடிகட்டி. அந்தக் கையெழுத்துத் துண்டு இருப்பது இங்கேதான். இங்கே ஒரு விசித்திரம். சாதாரணமாகப் புரதங்களில் வேலை செய்வது அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகள். இங்கே அவை பெரும்பாலும் பின்னால் திரும்பி நிற்கின்றன. முதுகெலும்புச் சங்கிலியில் உள்ள கார்பனைல் ஆக்ஸிஜன்கள் துளையை நோக்கி வரிசையாக நிற்கின்றன. கீழ்க்கோடியில் மட்டும் த்ரியோனினின் ஆக்ஸிஜன் சேர்ந்துகொள்கிறது. நான்கு துண்டுகளும் சேரும்போது வடிகட்டிக்குள் நான்கு இருக்கைகள் அமைகின்றன. ஒவ்வோர் இருக்கையிலும் அயனியைச் சுற்றி எட்டு ஆக்ஸிஜன். மேலே நான்கு, கீழே நான்கு.

2001-ல் வந்த படத்தில் இதைவிட அழகான ஒன்றும் தெரிந்தது. கீழே தண்ணீர்க் கூடத்தில் நின்ற பொட்டாசியத்தைச் சுற்றி எட்டுத் தண்ணீர் மூலக்கூறுகள், கிட்டத்தட்ட அதே அமைப்பில்! அதாவது வடிகட்டி செய்வது ஒன்றே ஒன்று. தண்ணீர் பொட்டாசியத்தை எப்படிப் பிடித்திருந்ததோ, அப்படியே பிடித்துக்கொள்கிறது. பொட்டாசியம் போர்வையைக் கழற்றுகிறது. அதே சூடு உள்ளே கிடைக்கிறது. ஒரு நஷ்டமும் இல்லை. பொட்டாசியத்துக்கும் ஆக்ஸிஜனுக்கும் நடுவே சுமார் 2.8 ஆங்ஸ்ட்ராம் தூரம் பொருத்தம். சோடியத்துக்கு வேண்டியது சுமார் 2.4. அந்த 0.4 ஆங்ஸ்ட்ராம்தான் எல்லாம். சோடியம் உள்ளே வந்தால் கணப்பு எட்டாது. ஆகவே அது போர்வையைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே, சின்னதுக்கு ஏன் வழியில்லை என்றால், இது சல்லடையே இல்லை என்பதுதான் பதில். இங்கே யாரையும் தடுத்து நிறுத்துவதில்லை. ஒருவருக்கு மட்டும் வீடு போல அமைத்திருக்கிறது. மற்றவர்கள் தாங்களாகவே வருவதில்லை.

அந்த வீடு சுருங்கிச் சோடியத்துக்கும் இடம் கொடுத்துவிடாதா என்று கேட்கலாம். வடிகட்டிக்குப் பின்னால் டைரோசின், டிரிப்டோஃபேன் போன்ற அமிலங்கள் வளையம் கட்டி, சுற்றிலும் வில்கள் வைத்து இழுத்துப் பிடித்தது மாதிரி நிற்கின்றன என்றார் மெக்கின்னன். 2004-ல் பெனுவா ரூவும் அவர் குழுவினரும், அணுக்கள் அவ்வளவு விறைப்பாக நிற்பதில்லை; கார்பனைல்கள் ஒன்றையொன்று விலக்குவதே பொட்டாசியத்தின் பக்கம் சாய்வதற்குப் போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். எது எவ்வளவு என்பதில் இன்றும் வாதம் உண்டு.

இனி வேகம். இவ்வளவு வசதியாக உட்கார வைத்தால் பொட்டாசியம் எழுந்து போகாமல் அங்கேயே இருந்துவிடாதா? ஒரே ஓர் இருக்கை இருந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். ஆனால் நான்கு இருக்கைகள் நெருங்கி இருக்கின்றன. ஒரே சமயத்தில் சராசரியாக இரண்டு பொட்டாசியமாவது உள்ளே இருக்கும். இரண்டும் நேர்மின்னூட்டம், ஒன்றையொன்று விலக்கும். கீழேயிருந்து இன்னொன்று நுழைந்தால் மேலே உள்ளது வெளியே தள்ளப்படும். தர்ம தரிசன வரிசை! இருக்கையின் பிடிப்பும் பின்னாலிருந்து வரும் தள்ளலும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. பிடிப்பு இருப்பதால் தேர்வு. தள்ளல் இருப்பதால் வேகம். 1955-ல் உருண்டைகளைக் குலுக்கிப் பார்த்தவர்கள் சொன்னது பொய்க்கவில்லை.

இப்போது நம் ஊர்ச் செய்தி. கார்பனைல் ஆக்ஸிஜன் எல்லாம் துளைப் பக்கமே திரும்பி நிற்கின்றன என்றேன். ஒரு புரதச் சங்கிலியில் இது சுலபமாக நடக்கிற காரியம் இல்லை. சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கோணங்கள் உண்டு. அவற்றை இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது; திருப்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும். எந்தக் கோணம் செல்லும், எது செல்லாது என்பதை 1963-ல் ஒரே படத்தில் போட்டுக் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன், தம் சகாக்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும். உலகம் முழுக்க உயிர்வேதியியல் பாடப்புத்தகங்களில் ராமச்சந்திரன் வரைபடம் என்று இருப்பது அதுதான்.

அந்த வரைபடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலத்துக்கு மட்டும் தனிச் சலுகை. அது கிளைசின். அதற்குப் பக்கச் சங்கிலி என்று ஒன்றும் கிடையாது, வெறும் ஹைட்ரஜன்தான். முட்டுவதற்கு ஆளில்லாததால் மற்றவர்கள் போக முடியாத கோணங்களுக்கும் போகும். வடிகட்டியில் உள்ள இரண்டு கிளைசின்களும் மற்ற அமிலங்களுக்குச் சுலபமாக வாய்க்காத அந்த இடதுசுழிப் பகுதியில்தான் நிற்கின்றன. அப்படி நிற்பதால்தான் ஆக்ஸிஜன்கள் உள்நோக்கித் திரும்ப முடிகிறது. 2004-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கிளைசினை எடுத்துவிட்டுச் சாதாரண அலனினை வைத்தால் சேனல் வேலை செய்யவில்லை. அதே அலனினின் கண்ணாடி பிம்பத்தை, டி வடிவத்தை, வேதியியல் முறையில் பொருத்தினார்கள்; சேனல் வேலை செய்தது. சென்னையில் முட்டுகிறதா இல்லையா என்று அணு அணுவாகப் போட்ட கணக்கு, நாற்பது ஆண்டு கழித்து இங்கே வந்து நிற்கிறது.

"அதெல்லாம் சரி, அந்தக் கிளைசின் மாறிவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்பீர்கள். முழுகிவிடும்.

தள்ளாடித் தள்ளாடி நடக்கும் ஒருவகை எலி ஆய்வகங்களில் நெடுநாளாக உண்டு. வீவர் என்று பெயர். 1995-ல் காரணம் தெரிந்தது. மூளையில் உள்ள ஒரு பொட்டாசியம் சேனலின் வடிகட்டியில், ஒரே ஒரு கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் செரின் இருந்தது. அவ்வளவுதான். அந்தச் சேனல் சோடியத்தையும் விட ஆரம்பித்துவிட்டது. விளைவு, சிறுமூளையின் செல்கள் மடிந்தன.

மனிதர்களில்? நடுத்தர வயதிலேயே சிலருக்குக் கடுமையான ரத்த அழுத்தம் வரும். பல மாத்திரைக்கும் அடங்காது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கும். சோதித்தால் அட்ரினல் சுரப்பியில் ஒரு சிறு கட்டி. ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை ஓயாமல் சுரந்துகொண்டிருக்கும். 2011-ல் இப்படிப்பட்ட கட்டிகளை ஆராய்ந்தபோது, பலவற்றில் கே.சி.என்.ஜே.5 என்ற பொட்டாசியம் சேனலில் மாற்றம் இருந்தது. ஒரு மாற்றம் அதே கையெழுத்துத் துண்டின் கிளைசினில். இன்னொன்று அதன் பக்கத்தில். சோடியம் உள்ளே கசிகிறது, செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் நுழைகிறது, ஹார்மோன் பெருகுகிறது. இதில் ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் கட்டி என்றால் அறுவை செய்து எடுத்துவிடலாம். பலருக்கு அழுத்தம் தணிந்துவிடும். ஆகவே, இள வயதில் அடங்காத ரத்த அழுத்தம் என்று யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், "டாக்டர், இதுக்கு வேற காரணம் இருக்குமா?" என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பில்லை.

வடிகட்டிக்குக் கீழே உள்ள கூடமும் முக்கியம். இதயத்தில் ஹெர்க் என்று ஒரு பொட்டாசியம் சேனல். அதன் கூடத்துச் சுவரில் உள்ள இரண்டு அமினோ அமிலங்களில் பலவகை மருந்துகள் போய் ஒட்டிக்கொள்கின்றன. சேனல் அடைபட்டால் இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் ஓய்வுக்கு வரத் தாமதமாகும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. தும்மலுக்குத் தந்த டெர்ஃபெனடின் அமெரிக்காவில் 1998-ல் விலக்கப்பட்டதும், வயிற்றுக் கோளாறுக்குத் தந்த சிசப்ரைடு 2000-ல் அங்கே விலக்கப்பட்டதும் இதனால்தான். இன்று எந்தப் புது மருந்தானாலும் மனிதர்களிடம் போவதற்கு முன் ஹெர்க் சேனலை அடைக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. மாணவர்களுக்கு இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வடிகட்டிக்குள் இரண்டு பொட்டாசியத்துக்கு நடுவே ஒரு தண்ணீர் மூலக்கூறு இருக்கிறது, பொட்டாசியமும் தண்ணீரும் மாறி மாறிப் போகின்றன என்றுதான் நெடுநாள் பாடம் நடத்தினோம். 2014-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் கணினியில் ஓட்டிப் பார்த்தவர்கள், நடுவில் தண்ணீரே இல்லை, பொட்டாசியம் பொட்டாசியத்தை நேராகவே தள்ளுகிறது என்றார்கள். 2016-ல் அகச்சிவப்புக் கதிர் கொண்டு செய்த ஒரு சோதனை, தண்ணீர் இருக்கிறது என்ற பக்கம் சாய்ந்தது. 2019-ல் காந்தப் புல ஒத்திசைவு முறையில் செய்த இன்னொன்று, இல்லை என்றது. நோபல் பரிசு கொடுத்து முடித்த ஒரு விஷயத்தில், 12 ஆங்ஸ்ட்ராம் நீளமுள்ள ஒரு வழியில், ஒரு சொட்டுக்கும் கோடானுகோடி மடங்கு குறைவான தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதில் வழக்கு நடக்கிறது!

இந்த வழக்கில் சாட்சி சொல்ல இயற்பியல் படித்தவர் வேண்டும், வேதியியல் படித்தவர் வேண்டும், விலங்கியல் படித்தவர் வேண்டும், கணினி தெரிந்தவரும் வேண்டும். புரதங்களின் அணு அமைப்புகள் எல்லாம் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கே.சி.எஸ்.ஏ.வின் அமைப்பை நம் கல்லூரிக் கணினி அறையில் உட்கார்ந்தே திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். எட்டு ஆக்ஸிஜன்களை நீங்களே எண்ணலாம். கிளைசினின் கோணங்களை அளந்து ராமச்சந்திரன் வரைபடத்தில் நீங்களே புள்ளி வைக்கலாம். செலவு ஒன்றுமில்லை. துறைத் தலைவர்களிடம் என் வேண்டுகோள் இது: இந்த ஆண்டு ஒரு மதிய நேரத்தை இதற்கு ஒதுக்கித் தாருங்கள். வெளியூரில் ஆய்வு செய்யும் நம் சங்கத்து உறுப்பினர்கள் வந்து உடனிருந்து சொல்லித் தரலாம். நானும் வருகிறேன்.

சமையற்கட்டிலிருந்து வாசனை வந்துவிட்டது. செயலாளரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.